ஒன்றுமில்லை என்று அண்ணன் சொன்ன இடங்கள்

அண்ணன் மறைந்து ஒரு வருடம் ஆகும் இந்நாளில், இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அண்ணனுடைய வேனில் பயணம் செய்த அனைவருக்கும் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. வீட்டில் விசேஷம் என்றால் அடுப்படியிலேயே இருந்துவிடுவேன். ஆனாலும் அண்ணனோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியும் அண்ணன் மகளும் சொல்லிவிட்டார்கள்.

முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் படத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது. அச்சகத்தார் மறந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் எவ்வளவோ கேட்டார்கள். எங்களால்தான் பதில் சொல்ல முடியவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது எனக்காவது தெளிவு வருமா என்று பார்க்கிறேன்.

அண்ணன் மாதனூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தேன். அண்ணன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் படிப்பை விட்டுவிட்டு, ஆம்பூர் தொழிற்சாலைகளுக்குப் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றி வரும் லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். உப்புப் போட்ட தோலின் வாடை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் அது உடம்பை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இடம் போய்விடுவார் என்று, சீட்டு காலியாக இருந்தாலும் அண்ணன் படிக்கட்டில் நின்றுதான் வருவார். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. ஒரு முறை நானே பார்த்தேன்.

பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு ஷூ கம்பெனியின் பஸ்ஸை ஓட்டினார். காலையில் ஊர் ஊராகப் போய் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். பத்தாம் வகுப்பு முடித்தபின் நானும் அதே கம்பெனியில் சேர்ந்து அதே பஸ்ஸில்தான் போனேன். பஸ்ஸில் என்னைத் தங்கை என்று காட்டிக்கொள்ளவே மாட்டார். நேரமாகிவிட்டால் எனக்காகவும் நிற்க மாட்டார். ஒரு நாள் நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார். சாயங்காலம் கேட்டதற்கு, உனக்காக நின்றால் நாளைக்கு எல்லோருக்காகவும் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத்தான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்.

அண்ணி ஒடுகத்தூர்ப் பக்கம். அண்ணி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மாடு வந்தது. ஒரு மாடு இரண்டானது. காலையிலும் சாயங்காலமும் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும். அந்த மாடுகள் அண்ணியின் கை பட்டால்தான் பால் விடும். வேறு யாராவது போய் உட்கார்ந்தால் உதைக்கும். அதனால் அண்ணியால் ஒரு வேளைகூட வெளியில் தங்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் இலையில் உட்கார்ந்துகொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார்.

கம்பெனிப் பெண்கள் வருடத்துக்கு ஒரு முறை டூர் போகும்போது, எங்கள் அண்ணன்தான் ஓட்ட வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிப் போய்ப் போய்ப் பழகி, பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணன் சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்ட ஆரம்பித்தார். ஏலகிரி, ஒகேனக்கல், ஊட்டி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. அவர் போகாத இடம் கிடையாது. வேனில் வாந்தி எடுத்தவர்களை ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் எப்போதும் முன்னால் வைத்திருப்பார். குடித்துவிட்டு வண்டியைத் தொட்டதில்லை. பெண்கள் மட்டும் போகும் டூர் என்றால், அண்ணன் ஓட்டுகிறார் என்று தெரிந்தால்தான் பல வீடுகளில் அனுப்புவார்கள்.

ஊர் முழுவதையும் டூர் கூட்டிப்போன அண்ணன் அண்ணியை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் லீவு கிடைக்கும்போதுதான் அண்ணனுக்கு வேலை. வேனில் ஒரு சீட்டும் மிச்சமிருக்காது. வேன் சும்மா நிற்கும் நாட்களில் அண்ணனுக்குத் தூக்கம். அதற்கு மேல் மாடு. அண்ணியும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசி இரண்டு வருடமாகச் சர்க்கரை அதிகமாகி, காலில் வந்த புண் ஆறவில்லை. வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அண்ணனோடு பல வருடம் சேர்ந்து ஓட்டிய பாஷா பாய் வேனை எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் ஒரு முறை நான் அண்ணனிடம், எங்கேயாவது போய்வர ஆசையாக இருக்கிறதா, பாயிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். எல்லாம் பார்த்தாயிற்று என்றார். பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார். நெஞ்சு வலி வந்து, விடியற்காலையில் அமைதியாகப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில் கூடியவர்களில் பாதிப் பேரை எங்களுக்கு யாரென்றே தெரியாது. எல்லோரும் அண்ணன் வேனில் போனவர்கள்.

இனி அட்டை விஷயம்.

இந்த மலரை அச்சடிக்க வேலூர் லாங் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு அச்சகத்துக்கு நானும் அண்ணன் மகளும் போனோம். அண்ணனின் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. பெட்ரோல் பங்க்கில் வேனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது யாரோ எடுத்தது. அச்சகத்துத் தம்பி கம்ப்யூட்டரில் அண்ணனை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார். பின்னால் என்ன போடுவது என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் காட்டினார். அருவிக்கு முன்னால் அண்ணன் நின்றார். தாஜ்மகாலுக்கு முன்னால் நின்றார். பனி மலைக்கு முன்னால், அரைக்கைக் காக்கிச் சட்டையோடு நின்றார். அண்ணன் மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. "அவருக்கு ரொம்பப் புடிச்ச எடம் இன்னான்னு சொல்லுங்கக்கா, அதையே போட்டுர்லாம். இப்ப எல்லாரும் அப்டித்தான் போட்றாங்க," என்றார் அந்தத் தம்பி. எனக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. அண்ணியைக் கேட்டுச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

அண்ணி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்.

"உங்க அண்ணனுக்கு எந்த எடமும் புடிக்காது. எல்லாம் பேஜாருன்னுதான் சொல்வாரு."

டூர் முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது, அங்கே எப்படி இருந்தது என்று அண்ணி கேட்பாராம். அண்ணன் சொல்லும் பதிலை அண்ணி ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். ஏலகிரியா, மேலே ஏறினால் காது அடைக்கிறது, அவ்வளவுதான். ராமேஸ்வரமா, கடைசியில் ரோடு முடிந்துவிடுகிறது, திரும்பி வர வேண்டியதுதான். கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்கவா அவ்வளவு தூரம், நம் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாலும் அதே சூரியன்தான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பதுதான் எல்லா ஊருக்கும் பதில்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. வருடக்கணக்காக ஓடியவருக்கு ஒரு இடமாவது பிடித்திருக்காதா? பழகாதவர்களிடம் போய்ப் பேச எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் அட்டைக்காகக் கேட்டுப் பார்ப்போம் என்று துணிந்தேன்.

முதலில் எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற தேவகி அக்காவைக் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏலகிரி என்றார். உலகத்திலேயே தனக்குப் பிடித்த இடம் ஏலகிரிதான் என்று அண்ணன் வேன் மைக்கில் சொல்வாராம். வளைவு ஏற ஏறக் காது அடைக்கும், அது திறக்கும்போது காற்று மாறியிருக்கும், சின்ன வயதில் இருந்து மூக்கில் ஏறிய தோல் வாடை எனக்கு அங்கேதான் இறங்கியது என்று சொன்னாராம். தேவகி அக்கா இதைச் சொல்லும்போது கண் கலங்கினார். எனக்கும் பஸ் படிக்கட்டு ஞாபகம் வந்தது. சரி, ஏலகிரிதான் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் குடியாத்தத்தில் லுங்கி தறி போட்டிருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார்கள். அண்ணன் வேனில் டூர் போனவர்கள், சாவுக்கு வர முடியாமல் போனவர்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். ராமேஸ்வரம் என்றார், அடித்துச் சொல்வதுபோல. தனுஷ்கோடியில் ரோடு முடிந்துவிடுகிறது, இதற்கு மேல் எங்கே போவது என்று யாரும் கேட்க முடியாது, ஒரு டிரைவருக்கு அதைவிட நிம்மதி என்ன வேண்டும், அதனால்தான் உலகத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இது என்று அண்ணன் சொன்னாராம். அதுவும் உண்மையாகத்தான் பட்டது.

ஆம்பூரில் டீச்சராக இருக்கும் ஒரு கிறிஸ்தவ அம்மாவோ வேளாங்கண்ணி என்றார். போகும்போது அழுதுகொண்டு போகிறவர்கள் திரும்பும்போது தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள், அதைக் கண்ணாடியில் பார்ப்பதற்காகவே எனக்கு உலகத்தில் அந்த இடம்தான் பிடிக்கும் என்று அண்ணன் சொன்னது அவருக்கு அப்படியே நினைவிருந்தது.

யாரை நம்புவது என்று தெரியாமல் போனது. மூன்று பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இன்னொன்றும் என்னைக் குழப்பியது. காது அடைப்பது தேவகி அக்கா சொன்னதிலும் இருந்தது, அண்ணி சொன்னதிலும் இருந்தது. ரோடு முடிவதும் அப்படியே. ஒரே விஷயத்தை அங்கே ஒரு விதமாகவும் வீட்டில் வேறு விதமாகவும் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

இதை நான் அண்ணியிடம் மறைத்திருக்கலாம். ஆனால் தேவகி அக்கா ஒரு நாள் மாதனூர்ப் பக்கம் வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்து, அட்டையில் ஏலகிரி போட்டாயிற்றா என்று அண்ணியிடமே கேட்டுவிட்டார். அண்ணி விழித்தார். "இன்னாம்மா, எங்க கம்பெனி லேடீஸ் எல்லாருக்கும் தெரியும். உனுக்குத் தெரியாதா?" என்றார் தேவகி அக்கா. அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அண்ணியின் முகம் செத்துவிட்டது. அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போன அண்ணி, அவர் கிளம்பும் வரை வெளியில் வரவில்லை.

அன்றைக்கு நான் ஆம்பூரில் என் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கினேன். சாப்பிடும்போது அண்ணி கேட்டார். கண்டவர்களுக்கெல்லாம் மனசைத் திறந்து சொன்ன மனுஷன் கட்டியவளிடம் மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும்? நான் அவ்வளவு வேண்டாதவளா? பாயைக் கேட்போம் என்றேன்.

பாய் மறுநாளே வந்தார். கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அண்ணி, டூர் பார்ட்டின்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாது. பாதிப் பேரு ஊட்டி போலாம்னு சொல்லியிருப்பாங்க, பாதிப் பேரு கொடைக்கானல். கடைசில செலவு கம்மியா ஆவுதுன்னு ஏலகிரி வருவாங்க. டோல்கேட் தாண்டறதுக்குள்ள வண்டிக்குள்ள சண்ட. யாருக்கும் மனசே இருக்காது. டீக்கு நிறுத்துவோம். நம்ம அண்ணன் மைக்க எடுத்து, உலகத்துலயே எனுக்குப் புடிச்ச எடம் நீங்க இப்பப் போற எடந்தான்னு ஆரம்பிப்பாரு. அவ்ளோதான். எல்லா சண்டையும் நின்னுடும். ஊரு சுத்தன டிரைவரே சொல்றாருன்னு சந்தோசமா போவாங்க. அது பொய்யில்ல அண்ணி, அது தொழிலு."

அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவங்ககிட்ட தொழிலு, சரி. எங்கிட்ட இன்னா தொழிலு, பாய்?"

உண்மையில் அண்ணனுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று நான் கேட்டேன். பாய் யோசித்து யோசித்துப் பார்த்தார். எங்கே போனாலும் பார்ட்டியை இறக்கிவிட்டுவிட்டு, பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாராம். இறங்கிச் சுற்றிப் பார்த்ததாகவே பாய்க்கு நினைவில்லை. பல ஊர்களில் அண்ணன் பார்த்தது வண்டி நிறுத்தும் இடத்தை மட்டும்தான் என்றார். இதைக் கேட்டபின் எனக்குக் குழப்பம் ஜாஸ்திதான் ஆனது. பார்க்காத இடத்தைப் பற்றி அவ்வளவு நன்றாக எப்படிச் சொன்னார்? பார்க்காத இடத்தை ஒன்றுமில்லை என்று எப்படிச் சொன்னார்?

அண்ணிக்கு அட்டை ஒரு பொருட்டாகவே இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவர்களுக்குச் சொன்னது பொய்யா, தனக்குச் சொன்னது பொய்யா. அச்சகத்துக்குப் போன் போட்டு, படத்துக்குப் பின்னால் ஒன்றும் போட வேண்டாம், விஷயம் இன்னும் தெரியவில்லை என்று சொல்லச் சொன்னார். பிறகு, போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். எங்கே என்று கேட்டோம். காலையில் பால் கறந்துவிட்டுப் போனால் சாயங்காலம் பால் கறக்க வந்துவிடுகிற தூரத்தில், அவர் ஒன்றுமில்லை என்று சொன்ன இடம் எது என்று பாயைக் கேட்டார். வேலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் மான் பூங்காவும் அருவியும் இருக்கும் அமிர்தி என்றார் பாய். அண்ணிக்கு உடனே நினைவு வந்துவிட்டது. அண்ணன் அமிர்தியைப் பற்றிச் சொன்னது: நாலு மான், ஒரு பாறை, அதற்கு நம் ஊர் ஏரிக்கரையே தேவலை.

இதற்கு எங்கள் சித்தப்பா தடை சொன்னார். தலை திவசம் முடியாமல் மலை ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். புருஷன் போய் வருடம் திரும்பவில்லை, அதற்குள் டூர் கேட்கிறதா என்றும் கேட்டார். அவர் வயதுக்கு அப்படிக் கேட்பதில் தவறில்லை. பாய், அமிர்தி அடிவாரம்தான், மலை இல்லை என்றார். அருவி எங்கேயிருந்து வருகிறது, மலையில் இருந்துதானே என்றார் சித்தப்பா. எப்போதும் அவர் எதிரில் நின்று பேசாத அண்ணி அன்றைக்குப் பேசினார்.

"அருவிதான் எறங்குது மாமா. நான் ஏறல. டூரும் இல்ல. விசாரிக்கப் போறேன்."

சித்தப்பா தன் குடையை எடுத்துக் கொடுத்தார். போகும்போது இதைக் கொண்டு போ என்று மட்டும் சொன்னார்.

அண்ணி, அண்ணன் மகள், நான், பாய், நாலு பேர்தான். அவ்வளவு பெரிய வேன் காலியாகப் போனது. அண்ணி பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வேலூர் தாண்டி, கணியம்பாடியில் திரும்பி, மலைப் பக்கம் போகப் போக வெயில் தணிந்தது. பாய் பாட்டுப் போடட்டுமா என்று கேட்டார், அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார்.

அமிர்தியில் கூட்டமில்லை. கம்பி வலைக்குப் பின்னால் மான்கள் நின்றன. ஒரு மயில் தோகையை மடக்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தது. அண்ணி எல்லாவற்றையும் நிதானமாக, நிலம் வாங்க வந்தவர்போல் பார்த்தார். பிறகு மரங்களுக்கு நடுவில் நடந்து அருவிக்குப் போனோம். தண்ணீர் இல்லை. பாறையில் ஒரு ஈரக் கோடு மட்டும் இறங்கியிருந்தது. அடியில் குட்டை மாதிரி கொஞ்சம் தேங்கியிருந்தது. அண்ணி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாவே ஒண்ணுமில்ல," என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணன் போனபின் அண்ணி வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அவங்களுக்கெல்லாம் பொய்யி. எங்கிட்டதான் உள்ளத உள்ளபடி சொல்லியிருக்காரு." பாய்க்கு நிம்மதியாகிவிட்டது. எனக்கும்தான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டி எடுத்துப் போயிருந்த சோற்றைப் பிரித்தோம். அருவிப் பக்கத்திலேயே வேகவைத்த வேர்க்கடலை விற்கும் ஒரு அம்மா வந்தார். பாயை அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே உங்க கூட வருகிற அண்ணன், ரொம்ப நாளாகக் காணோமே என்று விசாரித்தார். பாய் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டார். அண்ணியைக் காட்டி, அவர் வீட்டுக்காரம்மா இவங்கதான் என்று பாய் சொன்னதும், அவர் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வர்றப்பெல்லாம் எங்கிட்ட தண்ணி எப்ப உழும்னு கேட்டுனே இருப்பாரும்மா. தண்ணி உழற நாளா பாத்து வீட்ல கூட்டினு வரணும், இப்பக் கூட்டினு வந்தா ஒண்ணுமில்லன்னு திட்டுவாங்கன்னு சொல்வாரு."

அண்ணன் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியானால் வண்டியை விட்டு இறங்கி இந்த அருவி வரை அண்ணன் வந்திருக்கிறார். பாய்க்கே அது தெரியாது. நாங்கள் எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். அண்ணி கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இதுவும் பார்ட்டிக்குச் சொல்ற பேச்சா இருக்கும்," என்றார். "கடல விக்கிற அம்மாவும் சந்தோசமா இருக்கணும் இல்ல?"

சொன்னாரே தவிர, அதன்பின் சாப்பிடவில்லை. அந்த அம்மாவிடம் கடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். தண்ணீர் விழுந்தால் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு உயரத்தில் இருந்து விழும், சத்தம் எதுவரை கேட்கும் என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவர் போனபிறகும் அண்ணி அந்த ஈரக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிழல் பாறையின் மேல் ஏறிவிட்டது. பாய் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் நான்தான் போய், நேரமாகிவிட்டது, மாடு கத்தும் என்றேன்.

"கத்தட்டும்," என்றார் அண்ணி.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் எதைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ என்னவோ. எனக்கு அனுபவமில்லை. இடம் பிடித்திருக்கிறதா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"இன்னாம்மா நீ, ஒண்ண மட்டும் பாத்தா எப்டித் தெரியும்?" என்றார்.

அன்றைக்கு நாங்கள் வீடு வந்து சேர இருட்டிவிட்டது. மாடுகள் கத்திக்கொண்டுதான் இருந்தன.

எழுதினால் தெளிவு வரும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். வரவில்லை. அண்ணன் யாரிடம் சொன்னது நிஜம் என்று எனக்கு இப்போதும் தெரியாது. அமிர்தியில் அண்ணி சிரித்ததை நினைத்தால் வீட்டில் சொன்னதுதான் நிஜம் என்று தோன்றுகிறது. கடலை விற்ற அம்மாவை நினைத்தால் அதுவும் இல்லை என்று தோன்றுகிறது. என்னிடம் அண்ணன் எந்த இடத்தைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த மலரைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது உலகத்திலேயே தனக்குப் பிடித்த இடம் இதுதான் என்று அண்ணன் சொல்லியிருந்தால், அது பொய் என்று வருத்தப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது நிஜமாகவும் இருக்கலாம்.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும், ரத்தம் கொடுக்க ஓடி வந்த டிரைவர் நண்பர்களுக்கும், எல்லாக் காரியங்களிலும் கூடவே நின்ற பாஷா பாய் குடும்பத்தாருக்கும், மனத்தாங்கல் இருந்தும் குடை கொடுத்து அனுப்பிய சித்தப்பாவுக்கும், கேட்டதும் மறைக்காமல் சொன்ன தேவகி அக்காவுக்கும், குடியாத்தம் பெரியவருக்கும், ஆம்பூர் டீச்சருக்கும், அட்டையை வெள்ளையாகவே விடச் சம்மதித்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரண்டு வேளை உதை வாங்கியும் பால் கறக்கப் பழகிக்கொண்ட பக்கத்து வீட்டுச் செல்விக்குத் தனியாக நன்றி சொல்ல அண்ணி சொன்னார்.

தலை திவசம் முடிந்தபின் மலை ஏறத் தடையில்லை என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி. காது அடைக்கிறதா, அடைத்தபின் என்ன ஆகிறது என்று அண்ணிக்குத் தெரிந்தாக வேண்டுமாம். அதன்பின் ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, கன்னியாகுமரி என்று பாயிடம் சொல்லி வைத்திருக்கிறார். கூட வர விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். வேனில் நிறைய இடம் இருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அதில் அண்ணி உட்காருவார்.

அண்ணனின் நினைவோடு,
உடன் பிறந்த தங்கை